கருவாட்டுக்காரர் வீட்டு வாடை

உங்க பையைக் கீழ இருந்து எடுக்க வேண்டாம் தம்பி. வச்ச இடத்துலயே இருக்கட்டும். கண்டக்டர் அந்த முனையில நின்னுக்கிட்டு, 'என்ன அண்ணாச்சி, கருவாட்டுக் குடோனுக்கு இன்னைக்கு லீவா'ன்னு சத்தம் போட்டான் பாத்தீங்களா, அதைக் கேட்ட பெறவுதான் நீங்க பையைத் தூக்கி மடியில வச்சீங்க. நான் பாத்துட்டேன். தப்பா எடுத்துக்கிடல. காலம் பூரா பாத்த கூத்துதான். சண்முகக்கனின்னு என் பேரைச் சொன்னா எவனும் நகர மாட்டான். கருவாட்டு யாவாரம்னு சொன்னா ஒரு சாண் தள்ளி உக்காருவான்.

என் பையில மக்ரூன்தான் இருக்கு, நம்ம தூத்துக்குடி முந்திரி மிட்டாய். பேரனுக்கு. பாளையங்கோட்டையில மவன் இருக்கான், அங்கதான் போறேன். வேணும்னா திறந்து காட்டுதேன். வேண்டாமா? சரி. குடோனுக்குன்னு எனக்குத் தனி வேட்டி, தனி சட்டை. சாயங்காலம் அங்கயே சோப்புப் போட்டுக் குளிச்சு, வேற உடுப்பு மாத்திட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். புது வீடு கட்டிக் குடி போன நாள்ல இருந்து அந்த வாசப்படியை ஒரு நெத்திலி தாண்டினதில்ல. என் வீட்டுக்காரி தங்கபுஷ்பத்துக்குக் கருவாட்டுக் குழம்புன்னா உசிரு. அவளும் புது வீட்டுல வைக்கல. நாக்கு கேட்டா அவ தங்கச்சி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டு வருவா. வாயை நல்லாக் கொப்புளிச்சிட்டு வான்னு சொல்லித்தான் அனுப்புவேன்.

ஏன்னா அந்தத் தெரு அப்படி. கடக்கரைப் பக்கம் பொறந்து வளந்தவன் நான். புது நகர்ல போய் இடம் வாங்கினேன். வாத்தியார், பேங்க்குக்காரர், துறைமுகத்துல ஆபீசர், இப்படித்தான் அக்கம்பக்கம். எதிர்த்த வீடு ரிட்டயர்டு தாசில்தார், சபாபதின்னு பேரு. கிரகப்பிரவேசத்துக்குப் பத்திரிக்கை வச்சேன். வந்தாரு, காப்பி குடிச்சாரு, வீட்டைச் சுத்திப் பாத்துட்டு, 'நல்லாக் கட்டியிருக்கீங்க அண்ணாச்சி'ன்னாரு. தாசில்தார் வாயால அண்ணாச்சின்னு கூப்பிட்டதுல எனக்கு ஒரு பெருமை. இல்லைன்னு சொல்லல.

அவரேதான் ஒரு நாள் காத்து வாங்கிக்கிட்டு வாசல்ல நிக்கும்போது சொன்னாரு. 'அண்ணாச்சி, சொல்லுதேன்னு கோவிச்சுக்கிடாதீங்க. சாயந்திரமானா உங்க வீட்டுப் பக்கம் இருந்து ஒரு மாதிரி வாடை வருது.'

அவ்வளவுதான் சொன்னாரு. கருவாடுன்னு அவர் வாயில வரல. வரணுமா? எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கல தம்பி. வீடு பூரா தேடினேன். தங்கபுஷ்பம்தான் மேல கையைக் காட்டினா. செப்டிக் டேங்க்ல இருந்து மொட்டைமாடிக்கு ஒரு குழாய் ஏறிப் போகும்லா, காத்துக் குழாய், வென்ட் பைப்புன்னு சொல்லுவாங்க. 'அதுல இருந்து வருது, கடக்காத்து அடிச்சா எதிர்த்த வீட்டுக்குத்தான் போகும். குழாயை இன்னும் கொஞ்சம் உசத்தி விட்டா மேலோட போயிரும்'னா. நான் ஒசத்துத வேலைக்கெல்லாம் போகல. அடுத்த நாளே மாடியில ஏறி, குழாய் வாயில சாக்கைத் திணிச்சு, மேல சிமெண்டைக் கொழைச்சுப் பூசிட்டேன். கொத்தனாரைக் கூடக் கூப்பிடல. கூப்பிட்டா, எதுக்கு அண்ணாச்சின்னு கேப்பான், வெளிய போய்ச் சொல்லுவான். நானே பூசினேன். நல்ல வழவழப்பா வந்துச்சு.

பெறவு தாசில்தார் வாயே திறக்கல. எனக்கும் நிம்மதி.

அந்த வருசந்தான் செந்தூர்பாண்டிக்குக் கல்யாணம் முடிச்சோம். ஒரே மவன். கப்பல் கம்பெனியில வேலை. பொண்ணு பாளையங்கோட்டை, இந்துமதின்னு பேரு. அவ அப்பா காலேஜ்ல கிளார்க்கு. கருவாட்டு யாவாரி வீடுன்னு தெரிஞ்சுதான் குடுத்தாங்க. கீழ் ரூமைத்தான் அவங்களுக்கு விட்டோம். உள்ளயே பாத்ரூம் இருக்க ரூம். புதுசா ஏசி போட்டேன். ஏசி போட்டா ஜன்னலைச் சாத்திதான வைக்கணும். பாத்ரூம் மேல சின்னதா ஒரு வென்டிலேட்டர் இருக்கு, அது தாசில்தார் வீட்டைப் பாத்து இருக்கதால முன்னாடியே அட்டையை வச்சு அடைச்சிருந்தேன்.

வந்து ஒரு மாசம் இருக்கும். காலையில நான் பேப்பர் பாத்துக்கிட்டு இருக்கேன். மருமவ வந்து நின்னா. 'மாமா, எங்க பாத்ரூம்ல சாக்கடை வாடை அடிக்குது'ன்னா.

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நீங்களே சொல்லுங்க. காலம் பூரா வாடை வாடைன்னு கேட்டவன். வீட்டுக்கு வந்த பிள்ளை வாயில இருந்தும் அதே சொல்லு. நான் சொன்னேன், 'எம்மா, இது கருவாட்டுக்காரன் வீடுன்னு தெரிஞ்சுதான வாக்கப்பட்டு வந்த. இப்ப மூக்கைப் பொத்துனா எப்படி?'ன்னேன்.

'ஐயோ மாமா, நான் அதைச் சொல்லல. சாக்கடை. அழுகின முட்டை மாதிரி அடிக்குது. நீங்களே வந்து பாருங்க.'

போய்ப் பாத்தேன். நல்லா மூச்சை இழுத்து இழுத்துப் பாத்தேன். ஒண்ணுமே இல்ல தம்பி. சுத்தமா இருந்துச்சு. எனக்கு ஒரு வாடையும் வரல. இல்லாததை எப்படி இருக்குன்னு சொல்லுதது?

தங்கபுஷ்பம் அவ பக்கம் சாஞ்சிட்டா. 'இருக்குங்க. எனக்கும் அடிக்குது'ன்னா. 'உங்களுக்கு மூக்கு செத்து எத்தனையோ வருசம் ஆச்சு. அடுப்புல பால் தீஞ்சு வீடு பூரா நாறும்போது பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்ச ஆளு நீங்க'ன்னா. ஊசிப் போன சாம்பாரைச் சாப்பிட்டுட்டு நல்லாருக்குன்னு சொன்னதையும் எடுத்து விட்டா. மருமவ முன்னால. மூக்கும் சாகல, ஒண்ணும் சாகல. எதையும் பெருசா எடுத்துக்கிடாத சுபாவம் எனக்கு. தீஞ்சா தீஞ்சிட்டுப் போவுதுன்னு இருக்கவன். அதைப் போய் மூக்கு செத்துப் போச்சும்பா.

அப்படியும் நான் சும்மா இருக்கல, பாத்துக்கிடுங்க. பினாயில் வாங்கிக் குடுத்தேன். ரெண்டு நாள் நல்லாருக்கும்பா, மூணாம் நாள் வந்து நிப்பா. ஆசிட் வாங்கிக் குடுத்தேன். ஊத்தினதும் கூடுதலா அடிக்குதும்பா. சரின்னு பிளம்பரை வரச் சொன்னேன். அவன் தரையில தண்ணி போற ஜாலியைத் தூக்கிப் பாத்தான், அடியில இருந்த கிண்ணத்தை மாத்தினான். டாய்லெட்டைக் கழத்தி வெள்ளைச் சிமெண்ட் வச்சுத் திரும்ப உக்கார வச்சான். பத்து நாள் கழிச்சு மறுபடியும் அதே பல்லவி. திரும்ப வந்தான். தரை டைல்ஸை உடைச்சான். அடியில குழாய் நல்லாத்தான் இருக்கு, ஒடைசல் இல்ல, ஒழுகல் இல்ல. பாத்தியா, ஒண்ணும் இல்லைன்னேன்.

போகும்போது அந்தப் பிளம்பர் கேட்டான். 'வென்ட் பைப் இருக்குல்லா அண்ணாச்சி?'

'மாடியில இருக்கு'ன்னேன்.

இருக்குதான? நான் பொய் சொல்லல. அடைச்சிருக்கான்னு அவன் கேக்கல. கேட்டா சொல்லியிருப்பேன். தொழில் தெரிஞ்சவன்னா ஏறிப் பாத்திருக்கணும். கீழயே நின்னு கேட்டுட்டுப் போயிட்டான்.

இதுக்குள்ள பேரன் பொறந்து, பாளையங்கோட்டையில இருந்து தாயும் பிள்ளையும் வந்தாச்சு. கவின்னு பேரு வச்சோம். என்ன சிரிப்புங்கீங்க. என்னைக் கண்டா ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு வருவான், என் கழுத்துல மூஞ்சியை வச்சுக்கிட்டுத் தூங்குவான். அவனுக்கு எங்கிட்ட ஒரு வாடையும் தெரியல. உலகத்துல அவன் ஒருத்தன்தான் என்னை மோந்து பாக்காம வந்தவன். அவனைத் தூக்கி வச்சிருக்கும்போது எனக்கு வேற எதுவுமே வேண்டாம்னு இருக்கும்.

ஆனா அந்த ரூம்ல படுத்தா பிள்ளை கக்குதாம். விடிஞ்சா சொணங்கிக் கிடக்குதாம். இந்துமதிக்கும் தலைவலி, கண்ணு எரிச்சல். ஹால்ல படுத்தா ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. மவன் வந்து முகத்துக்கு நேரா கேட்டான். 'அப்பா, எங்கயோ கேஸ் ஏறுது. வீட்டையே உடைச்சாவது கண்டுபிடிக்கணும்.' நான் உடனே, 'நாத்தம் நாத்தம்னு சொல்லிச் சொல்லி இந்த வீட்டைத் தெருவே மூக்கைப் பொத்துத மாதிரி ஆக்கப் போறீங்களா? பிடிக்கலைன்னா போங்க'ன்னு சொல்லிட்டேன். ஒரு பேச்சுக்குச் சொன்னது. தகப்பன் சொல்லக் கூடாதா? அவன் அப்படியே பிடிச்சுக்கிட்டான். பாளையங்கோட்டையில வாடகைக்கு வீடு பாத்து, பொண்டாட்டி பிள்ளையைக் கூட்டிட்டுப் போயிட்டான். தினம் பஸ்ஸுல தூத்துக்குடிக்கு வந்து வேலை பாத்துட்டுப் போறான். 'வாடை எங்க இருந்து வருதுன்னு கண்டுபிடிச்சுச் சரி பண்ணுங்க, அன்னைக்கே வாரோம். அது வரைக்கும் பிள்ளை இந்த வீட்டுக்குள்ள வர மாட்டான்'னு வாசல்ல நின்னு சொல்லிட்டுப் போனான்.

ஒரு வாடைக்காக. நம்புவீங்களா தம்பி? ஊர்ல சொத்துத் தகராறுல பிரிஞ்சிருக்கான், மாமியா மருமவ சண்டையில பிரிஞ்சிருக்கான். என் குடும்பம் ஒரு வாடையில பிரிஞ்சது.

தங்கபுஷ்பத்தால தாங்க முடியல. பேரன் போனதும் அவ பாதி ஆளாயிட்டா. நான் கண்டுபிடிச்சே தீருவேன்னு அந்தக் கீழ் ரூமுக்கே படுக்கையைத் தூக்கிட்டுப் போயிட்டா. காலையில எந்திரிச்சதும் நாய் மாதிரி தரையில முட்டி போட்டு மோந்து பாப்பா. கட்டிலுக்கு அடியில, பீரோவுக்குப் பின்னால, வாஷ்பேசின் குழாய் செவத்துக்குள்ள போற ஓட்டைக்கிட்ட. எனக்குப் பாக்கவே அசிங்கமா இருக்கும். ஏளா, வயசான காலத்துல உனக்கு எதுக்கு இந்த வேலைம்பேன். 'பிள்ளை வரணும்லா'ம்பா. வேற ஒண்ணும் சொல்ல மாட்டா.

ஒரு வெள்ளிக்கிழமை பூசையை முடிச்சிட்டு என்ன பண்ணினா தெரியுமா? கரண்டியில நெருப்பு எடுத்து, சாம்பிராணியை அள்ளிப் போட்டு, கொல்லையில இருக்க சாக்கடைச் சேம்பர் மூடியைத் தூக்கி அதுக்குள்ள வச்சு மூடிட்டா. சாமிக்குக் காட்டுத சாம்பிராணியைச் சாக்கடைக்குக் காட்டுதியேன்னு சத்தம் போட்டேன். அவ காதுலயே வாங்கல. என் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் அந்த பாத்ரூம்ல நிறுத்தினா. 'உங்களுக்கு மூக்குதான் இல்ல, கண்ணு இருக்குல்லா, பாருங்க'ன்னா.

புகை வந்துச்சு தம்பி. நான் மறைக்கல. ஜாலியில இருந்து வந்துச்சு, டாய்லெட் அடியில சுத்தி வந்துச்சு, வாஷ்பேசின் ஓட்டையில நூல் மாதிரி வந்துச்சு. கொஞ்ச நேரத்துல ரூம் வெள்ளையாப் போச்சு. அப்படியே மாடிக்கு ஏறினா. பின்னாலயே நானும் ஏறினேன். அங்க குழாய்ல ஒரு பொட்டுப் புகை இல்ல. நான் பூசின சிமெண்ட் அப்படியே இருக்கு.

அதைத் தடவிப் பாத்தா. என்னைப் பாத்தா. திட்டினாலும் பரவால்ல, திட்டல. 'மேல போக வேண்டியதை அடைச்சிட்டீங்க. அதுதான் வீட்டுக்குள்ள வருது. ஒரு சுத்தியலை எடுத்துட்டு வாங்க'ன்னா.

நான் உடைக்க மாட்டேன்னு சொல்லல. இதை நீங்க நல்லாக் கேட்டுக்கிடணும், ஏன்னா என் மவன் இதைக் காதுலயே வாங்க மாட்டேங்கான். உடைக்கேன், கொஞ்சம் பொறுன்னுதான் சொன்னேன். ஏன்னா தாசில்தார் வீட்டுல கல்யாணம். ஒரே மக. வாசல்ல பந்தல் போட்டாச்சு. மண்டபத்துல முகூர்த்தம், ஆனாலும் விருந்தாளு எல்லாம் வீட்டுக்குத்தான் வாராங்க. பெரிய பெரிய ஆபீசருங்க. அந்த நேரத்துல குழாயைத் திறந்துவிட்டு, அத்தனை பேரும் பந்தல்ல உக்காந்து சாப்பிடும்போது வாடை அடிச்சா, என்ன சொல்லுவான்? செப்டிக் டேங்க்னா சொல்லுவான்? எதிர்த்தாப்புல கருவாட்டுக்காரன் வீடுன்னுதான் சொல்லுவான். கல்யாணம் முடியட்டும், மறுநாளே நான் உடைக்கேன், அது வரைக்கும் ஓட்டையில ஈரத் துணியைத் திணிச்சு வை, ஆசிட்டை ஊத்திக் கழுவுன்னேன். பெறவு சரின்னு எறங்கிப் போனா. அவ எப்பவும் அப்படித்தான், என் பேச்சைத் தட்ட மாட்டா. கீழ போய் மவனுக்குப் போன் போட்டு, 'கண்டுபிடிச்சாச்சுப்பா, இந்தக் கல்யாணம் முடிஞ்சதும் பிள்ளையைக் கூட்டிட்டு வா'ன்னு சொன்னா. அன்னைக்குத்தான் ரொம்ப நாள் கழிச்சு அவ சிரிச்சுப் பாத்தேன்.

கல்யாணத்தன்னைக்கு நான் முன்னாடியே மண்டபத்துக்குப் போயிட்டேன். நீங்க முன்னால போங்க, பாத்ரூமைக் கழுவிட்டுக் குளிச்சிட்டு ஆட்டோவுல வாரேன்னா. புதுப் பட்டுச் சேலையை எடுத்துக் கட்டில்ல வச்சிருந்தா. மண்டபத்துல என்னை என்ன மரியாதை பண்ணினாங்கங்கீங்க. தாசில்தாரே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் முன் வரிசையில உக்கார வச்சாரு. பக்கத்துல ஒரு ஜட்ஜு. அவர் நகரவே இல்ல. சந்தனம் குடுத்தாங்க. பன்னீர் தெளிச்சாங்க. கமகமன்னு இருந்திருக்கும். நாம பட்ட பாடு வீண் போகலைன்னு நெனைச்சேன். தாலி கட்டி முடிஞ்சது. தங்கபுஷ்பம் வரல. சாப்பாட்டுப் பந்தியில உக்காரும்போதுதான் இன்னும் காணலியேன்னு போன் போட்டேன். எடுக்கல.

வீட்டுக்கு வந்தா சேலை கட்டில்ல வச்சபடி இருக்கு. கீழ் ரூம் பாத்ரூம் உள்பக்கமா பூட்டியிருக்கு. கூப்பிட்டேன், தட்டினேன். பந்தல்காரங்க வந்துதான் கதவை உடைச்சாங்க. வாளிப் பக்கத்துல விழுந்து கிடந்தா. ஆசிட் பாட்டில் உருண்டு கிடக்கு, கையில துடைப்பம். முதல்ல உள்ள போன ஆளு தலை சுத்துதுன்னு வெளிய ஓடி வந்துட்டான். நான்தான் உள்ள போய் அவளைத் தூக்கினேன். எனக்கு ஒண்ணும் ஆகல. கொஞ்சம் கண்ணு எரிஞ்சது, அவ்வளவுதான். கேஸா இருந்தா எனக்கும் ஏதாவது ஆயிருக்கணும்லா?

ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே உசிரு இல்லைன்னுட்டாங்க. அறுத்துப் பாத்துரலாமான்னு டாக்டர் கேட்டாரு. நான் சம்மதிக்கல. எந்த வீட்டுல எப்படிச் செத்தான்னு நாளைக்கு ஊர் பேசவா? அவளுக்கு ஏற்கெனவே நெஞ்சுவலி உண்டுன்னு சொன்னேன். எப்பவோ ஒரு தடவை நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தா, அது வாயுவோ என்னவோ. மாரடைப்புதான். ஓடியாடி வேலை பாக்குத ஆளுக்கு இப்படித் திடீர்னு வரும்னு நாலு பேரு சொன்னாங்க.

மவன் வந்தான். தாயைப் பாத்து அழுதான். பெறவு எந்திரிச்சு நேரா மாடிக்குப் போனான். இறங்கி வந்து, அத்தனை கூட்டத்துல, தாசில்தாரும் நிக்காரு, எங்கிட்ட கேக்கான். 'அந்தக் குழாயை அடைச்சது யாருப்பா?' எழவு வீட்டுல கேக்குத கேள்வியா அது? 'அம்மா நெஞ்சு வலிச்சுச் சாகல. நீங்க தெருவுக்குப் பயந்து அடைச்சு வச்சதைக் குடிச்சுச் செத்துட்டா'ன்னான். பெத்த தகப்பனைப் பாத்து. பதினாறாம் நாள் காரியத்தையும் வீட்டுல வைக்கல, தாமிரவருணிக் கரையில வச்சு முடிச்சிட்டுப் போயிட்டான்.

எனக்கு வருத்தம் இல்லைங்கீங்களா? அவ இல்லாம அந்த வீட்டுல ஒரு டம்ளர் எடுத்துக் குடுக்க ஆளு இல்ல. குடோன்ல இருந்து வந்தா வாசல்லயே கொஞ்ச நேரம் நிக்கேன், உள்ள போகப் பிடிக்கல. அவளைக் கருவாட்டுக் குழம்பு வச்சுச் சாப்பிட விட்டிருக்கலாம். அதை நெனைச்சாத்தான் எனக்கு வயிறு எரியுது.

காரியம் முடிஞ்ச மறுநாள் நான் சுத்தியலை எடுத்துட்டு மாடிக்குப் போனேன். நானே உடைச்சேன். அவ கேட்டாளேன்னு உடைச்சேன். அங்கயே உக்காந்து அழுதேன். பெறவு எந்திரிச்சு எதிர்த்த வீட்டைப் பாத்தா, ஜன்னல் பூராவும் சாத்தியிருக்கு. முன் கதவும் சாத்தியிருக்கு. எப்பவும் அந்த நேரத்துக்குத் தாசில்தார் வாசல்ல சேர் போட்டு உக்காந்திருப்பாரு, அன்னைக்குக் காணல. எனக்குச் சுருக்குன்னு ஆயிட்டு. துக்க வீடாச்சேன்னு வாடையை வாயால சொல்லாம ஜன்னலைச் சாத்திக்கிட்டாங்க, மானமுள்ளவனுக்கு அது போதாதா. சிமெண்ட் இருந்துச்சு. கொழைச்சு மறுபடியும் பூசிட்டேன். பெறவுதான் தெரிஞ்சது, அவங்க மக வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தாங்களாம். ஊர்லயே இல்ல. சரி, பூசினது பூசினதா இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

என்ன? உடனே போய் உடைக்கணுமா? நீங்களும் என் மவன் மாதிரியே பேசுதீங்களே தம்பி. உங்களுக்கு என்ன, இந்த பஸ்ஸை விட்டு எறங்கினா நான் யாரோ, நீங்க யாரோ. நான் அந்தத் தெருவுல இருக்கணும்லா. அது போக ஓட்டை எல்லாத்தையும் நானே நல்லா அடைச்சிட்டேன். வாஷ்பேசின் ஓட்டைக்குச் சிமெண்ட், டாய்லெட்டைச் சுத்திச் சிமெண்ட். கண்ணுக்குத் தெரிஞ்சு ஒரு துவாரம் இல்ல.

இப்ப எதுக்குப் போறேன்னா, இந்துமதி போன் பண்ணினா. மவன் எங்கிட்டப் பேச மாட்டான், அவ பேசுவா. நல்ல பிள்ளை, நான்தான் ஆரம்பத்துல தப்பா நெனைச்சிட்டேன். 'மாமா, நீங்க தனியாக் கிடக்கதை நெனைச்சா எனக்கு மனசு கேக்கல. அத்தையும் பிள்ளை வரணும் வரணும்னுதான இருந்தாங்க. அவரை நான் சொல்லிச் சம்மதிக்க வச்சிருக்கேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. அந்தக் குழாயைத் திறந்தாச்சா? வாடை போயிட்டா? நீங்க சொன்னா நான் நம்பி, கவினைத் தூக்கிட்டு உங்க கூடவே பஸ் ஏறி வாரேன்'னா.

அந்தக் கீழ் ரூமைப் பேரனுக்குன்னு ஒதுக்கி வச்சிருக்கேன். சின்னக் கட்டில் ஒண்ணு வாங்கிப் போட்டிருக்கேன், பிள்ளை உருண்டு விழாம இருக்க நாலு பக்கமும் கம்பி வச்சது. பிள்ளைக்கு வேர்க்குமேன்னு ஏசியைச் சர்வீஸ் பண்ணியாச்சு. ஜன்னலுக்கு ரப்பர் வச்சு இறுக்கியாச்சு. நாலஞ்சு நாளா நானே அதுலதான் படுத்துப் பாக்கேன். காலையில எந்திரிச்சா தலை கொஞ்சம் கனக்கு, வாய் கசக்கு. வயசாச்சுல்லா, தனியா வேற சமைச்சுத் திங்கேன்.

வருது பாருங்க ஸ்டாப்பு, நான் இங்க எறங்கணும். கொஞ்சம் காலை ஒதுக்குங்க. குழாயைத் திறந்தாச்சான்னா, திறந்தேன்னு சொல்லுவேன். திறந்தேன்லா? வாடை போயிட்டான்னு கேட்டா, போயிட்டும்பேன். பிள்ளை தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவேன். அதுல என்ன பொய் இருக்கு தம்பி? அந்த ரூம்லதான நான் படுக்கேன். எனக்கு ஒரு வாடையும் வரல.